தாரைக் கழற்றும் தண்ணீர்

வீதியில் குழி விழுந்த பிறகுதான் அது நம் கண்ணில் படுகிறது. அதற்கு ஒரு மாரிக்கோ இரண்டு மாரிக்கோ முன்பே தண்ணீர் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். மேலே காபட் கறுப்பாக, குறையேதும் இல்லாததுபோல் கிடக்கும். அந்த இடத்தில் துளைப்பொறியை இறக்கி உருளை வடிவில் ஒரு துண்டை வெளியே எடுத்துப் பார்த்தால், மேல் பாதி திடமாக வரும். கீழ்ப் பாதி தனித்தனிச் சல்லியாக உதிர்ந்து கையில் விழும். அந்தச் சல்லியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கலவை ஆலையில் சூடான தாரில் புரண்டு கறுத்த கல், உடைத்த அன்று இருந்த சாம்பல் நிறத்துக்கே திரும்பியிருக்கும். கல்லிலிருந்து தாரைத் தண்ணீர் கழற்றிவிட்டது.

வெள்ளம் வீதியை அள்ளிக்கொண்டு போவது வேறு விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, மகாவலி பெருக்கெடுத்து, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கியதை நாடே பார்த்தது. அப்படி உடையும் வீதிக்குப் படம் உண்டு, செய்தி உண்டு, நிவாரண நிதியும் உண்டு. மெல்ல மெல்லத் தார் கழன்று கெடும் வீதிக்கு இவை ஒன்றும் கிடையாது. "போட்டு மூன்று வருசம்கூட ஆகேல்ல, அதுக்குள்ள குழி" என்று சனம் சலித்துக்கொள்வதோடு அது முடிந்துவிடும். இந்த இரண்டாவது சேதத்தைக் கலவை வீதிக்கு வரும் முன்பே ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்துவிட முடியும்.

திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இரத்தினபுரியின் மழையோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வாடைக் காற்றோடு வரும் இந்த மழையில் நனைந்த தாழ்நில வீதிகள் வாரக் கணக்கில் உலர்வதில்லை. பிறகு கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் வரும். காற்றின் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டும். கறுப்பு வீதியின் மேற்பரப்போ 60 பாகையைத் தாண்டும். கிழக்குக் கரையின் வீதி ஊறுவதும் வேகுவதுமாகவே தன் ஆயுளைக் கழிக்கிறது.

பாரமும் இங்கே குறைவில்லை. துறைமுகத்துக்கு வரும் கோதுமையும் சீமெந்துக்கான மூலப்பொருளும் சீனக்குடாப் பக்கத்து ஆலைகளில் மாவாகவும் சீமெந்தாகவும் மாறி, லொறிகளில் ஏறி, கந்தளாய், ஹபரணை வழியாக ஏ-6 வீதியில் உள்நாட்டுக்குப் போகின்றன. மட்டக்களப்பை நோக்கிப் போகும் ஏ-15 வீதி கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு கடல்நீரேரியையும் ஆற்றுக் கிளைகளையும் தாண்டித் தாண்டிச் செல்கிறது. முன்பு வாகனங்கள் பாதைப் படகில் ஏறி இறங்கிய வழி அது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாலங்கள் வந்தன, அவற்றின் பின்னால் பெரிய லொறிகளும் வந்தன. ஈரம், சூடு, பாரம் மூன்றும் ஒன்றாக வந்து மோதும் வீதிகள் இவை.

தண்ணீர் எப்படித் தாரைக் கழற்றுகிறது? இதற்குக் கல்லின் முகத்தை அணுக்களின் அளவில் பார்க்க வேண்டும்.

நாம் தார் என்று சொல்லும் பிற்றுமன், மசகு எண்ணெயை வடித்தபின் அடியில் எஞ்சும் பிசின். அதன் பெரும்பகுதி ஐதரசனும் காபனும் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகள். மின்னேற்றச் சாய்வு அதிகம் இல்லாதவை. சூடாக ஊற்றும்போது அது கல்லின் ஒவ்வொரு குழிவிலும் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பற்று வலிமையானது அல்ல. கல்லில் படிகக்கல் எனப்படும் குவாட்ஸ் மிகுந்திருந்தால், அதன் முகம் முழுவதும் சிலிக்கனோடு இணைந்த ஐதரொட்சில் கூட்டங்கள் நிற்கும். நீர் மூலக்கூறுக்கு அவை மிகவும் பிடித்தமானவை. அருகில் நீர் வந்ததும் ஐதரசன் பிணைப்பால் அவை அதைப் பிடித்துக்கொள்ளும். கல்லைப் பொறுத்தவரை தாரைவிடத் தண்ணீர் நெருங்கிய உறவு. இடம் கிடைத்த மாத்திரத்தில் நீர் தாருக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து, தார்ப்படலத்தை மெதுவாகத் தூக்கி நகர்த்திவிடும்.

சுண்ணாம்புக்கல்லில் கதை வேறு. பிற்றுமனில் சிறிதளவு கரிம அமிலங்கள் உண்டு. அவை கல்சியத்தைச் சந்தித்தால் நீரில் கரையாத உப்பாக இறுகி, கல்லோடு தைத்ததுபோல் நின்றுவிடும். அதே அமிலங்கள் பெல்ட்ஸ்பார் எனப்படும் களிக்கற் கனிமங்களிலுள்ள சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்தால் பிறப்பது நீரில் கரையும் ஒருவகைச் சவர்க்காரம். மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும்.

இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு முன்கேம்பிரிய காலத்து உருமாறிய பாறை. அதில் உயர்நிலத் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் வலயம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் தீவைக் குறுக்கே கடந்து, திருகோணமலைப் பக்கம் கடலைத் தொடுகிறது. நைஸ், சார்னொக்கைற், குவாட்சைற் போன்ற கடினமான கருங்கற்கள் இதில் நிறைய. பாரம் தாங்குவதில் இவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் பலவற்றில் சிலிக்கா மிகுதி. லொறிக்கு ஈடுகொடுக்கும் அதே கல், தண்ணீர் வந்தால் தாரைக் கைவிடக்கூடும். ஒவ்வொரு கல்லுடைக்கும் இடத்திலும் கனிமக் கலப்பு மாறும். அதனால் ஓர் இடத்துச் சல்லியில் தேறிய கலவையை இன்னோரிடத்துச் சல்லிக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

வேதியியல் பாதிதான், மீதிப் பாதி இயந்திரவியல். உருட்டி இறுக்கிய காபட்டிலும் சிறு காற்றிடைவெளிகள் இருக்கும். அவற்றில் நீர் நிறைந்திருக்கையில் லொறிச் சக்கரம் ஏறினால், நீருக்கு ஒதுங்க இடமில்லை, அழுத்தம் எழும். சக்கரம் விலகும்போது அதே இடத்தில் உறிஞ்சும் விசை பிறக்கும். சேற்று வயலில் காலை ஊன்றி எடுக்கும்போது சேறு பிதுங்கிப் பிறகு காலை இழுக்குமே, அதேதான். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் இப்படி அமுக்கி உறிஞ்சினால், வேதியியல் தளர்த்திவிட்ட தார்ப்படலத்தை நீர் உரித்தே எடுத்துவிடும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டெரலும் சாலே அல்-ஸ்வைல்மியும் 1990களின் தொடக்கத்தில் இந்த இடைவெளிகளைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார்கள். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் நீர் உள்ளே புகாது. மிக அதிகமாக, ஒன்றோடொன்று தொடுத்து இருந்தால் புகுந்த நீர் வடிந்துவிடும். கெடுதல் நடப்பது இரண்டுக்கும் நடுவே. ஏறக்குறைய 8 முதல் 12 விழுக்காடுவரை இடைவெளி உள்ள கலவையில் நீர் நுழையும், ஆனால் வெளியேறாது. இதில் வேதனை என்னவென்றால், றோலர் போதிய தடவை ஓடாத வீதி, அல்லது கலவை ஆறிய பிறகு உருட்டப்பட்ட வீதி, நேராக இந்த வரம்புக்குள் போய் விழுகிறது. ஆய்வுகூடத்தில் எவ்வளவு நல்ல கலவையாக இருந்தாலும், மழை வரப்போகிறதென்று அவசரப்பட்டு அரைகுறையாக உருட்டினால் எல்லாம் போயிற்று.

இனிச் சோதனைகளுக்கு வருவோம். மிக எளியது கொதிநீர்ச் சோதனை. தார் பூசிய சல்லியைக் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் விட்டு, எடுத்துப் பரப்பி, எவ்வளவு கல் வெளுத்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவார்கள். இந்தியத் தரநிலை இன்னும் நிதானமானது: 40 பாகை நீரில் 24 மணிநேரம் ஊறவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஓர் அடுப்பும் பாத்திரமும் இருந்தால் பிரதேச சபைக் களஞ்சியத்திலேயே செய்துவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் இது தனித்தனிக் கற்களை மட்டும் பார்க்கிறது. இறுக்கிய கலவையில் நீர் எப்படி அடைபடுகிறது, பாரம் ஏறினால் என்ன நடக்கிறது என்பதற்கு இதில் விடை இல்லை. மோசமான சல்லியை வாசலிலேயே திருப்பி அனுப்ப இது உதவும். இதில் தேறியதை மட்டும் வைத்து நல்ல கலவை என்று கையெழுத்திடக் கூடாது.

இறுக்கிய கலவையைச் சோதிப்பதற்கான வழியை இடாகோ பல்கலைக்கழகத்தின் றொபர்ட் லொட்மன் 1970களில் வகுத்தார். அவருடைய ஆய்வறிக்கைகள் 1978இலும் 1982இலும் வெளிவந்தன. பின்னர் வந்தவர்கள் செய்த திருத்தங்களோடு 'ஆஷ்டோ டி 283' என்ற அமெரிக்கத் தரநிலையாக அது இன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது.

கலவையை உருளை வட்டுகளாக இறுக்குவார்கள். வழக்கமான சிறிய வட்டின் விட்டம் 100 மில்லிமீற்றர். வேண்டுமென்றே 7 விழுக்காடு இடைவெளி விடுவார்கள். புதிதாகப் போட்ட வீதியின் நிலை ஏறத்தாழ அதுதான். வட்டுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை உலர்ந்தபடியே வைத்திருப்பார்கள். மற்றதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, இடைவெளியில் 70 முதல் 80 விழுக்காடு நீர் நிரம்பும்படி செய்வார்கள். பிறகு மைனஸ் 18 பாகையில் குறைந்தது 16 மணிநேரம் உறைய வைத்து, உடனே 60 பாகை வெந்நீர்த் தொட்டியில் 24 மணிநேரம் போடுவார்கள். கடைசியாக இரண்டு கூட்டத்தையும் 25 பாகைக்குக் கொண்டுவந்து, வட்டை விளிம்பில் நிறுத்தி, மேலும் கீழும் அழுத்தி இரண்டாகப் பிளப்பார்கள். நனைந்த வட்டின் வலிமையை உலர்ந்த வட்டின் வலிமையால் வகுத்தால் வருவது இழுவலிமை விகிதம். பொதுவாக 80 விழுக்காடாவது வேண்டும். இந்திய நெடுஞ்சாலை அமைச்சின் விவரக்கூற்றும் அதையே கேட்கிறது.

அழுத்துகிற ஒரு சோதனை எப்படி இழுவலிமையைச் சொல்லும்? வட்டை விட்டத்தின் வழியே அமுக்கும்போது, அதற்குச் செங்குத்தான திசையில் உள்ளே இழுவிசை பிறக்கிறது. வட்டு நடுவே பிளக்கிறது. இதை 1943இல் கண்டு சொன்னவர் பிரேசில் நாட்டுப் பொறியியலாளர் பெர்னாண்டோ லோபோ கார்னேரோ. றியோ டி ஜெனீரோவில் பெரிய வீதி ஒன்றை அமைக்க, வழியில் நின்ற பழைய தேவாலயம் ஒன்றைக் கொங்கிறீற் உருளைகளின் மேல் வைத்து அப்படியே நகர்த்த எண்ணினார்கள். அந்த உருளைகளைச் சோதிக்கும் வேலை கார்னேரோவிடம் வந்தது. அமுக்கிய உருளைகள் நொறுங்காமல் நீளவாக்கில் பிளந்ததை அவர் கவனித்தார். தேவாலயத்தைக் காப்பாற்ற முடியவில்லை, இடித்துவிட்டார்கள். அந்தப் பிளவிலிருந்து பிறந்த சோதனையை உலகம் இன்றும் பிரேசில் சோதனை என்று அழைக்கிறது.

பிளந்த பிறகு வட்டின் உள்முகத்தைப் பார்ப்பதும் சோதனையின் பகுதியே. அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு. முகம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நல்லது. ஆங்காங்கே வெளுத்த கல் தெரிந்தால், விகிதம் 80ஐத் தாண்டியிருந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விகிதம் மறைக்கக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கலவை உலர்ந்தபோது 1,000 கிலோபஸ்கலும் நனைந்தபின் 820ம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 82. இன்னொன்று உலர்ந்தபோது 500, நனைந்தபின் 450, விகிதம் 90. தாளில் இரண்டாவது வெல்கிறது. ஏ-6இல் சீமெந்து லொறியின் கீழே எது நிற்கும் என்று கேட்டால் பதில் வேறு.

இந்த இடத்தில் திருகோணமலை வாசகருக்கு ஒரு நியாயமான கேள்வி எழும். வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான ஊரின் வீதிக் கலவையை ஏன் மைனஸ் 18இல் உறைய வைக்க வேண்டும்? லொட்மன் வேலை செய்த இடாகோ பனி பெய்யும் மாநிலம். நீர் உறையும்போது 9 விழுக்காடு பருக்கிறது. அந்தப் பருமன் இடைவெளிகளை நெம்பி விரிக்கிறது. பல ஆண்டுச் சேதத்தைச் சில நாட்களில் வரவழைக்கும் குறுக்குவழி அது. அந்த விதத்தில் வெப்ப நாடுகளுக்கும் அதில் ஒரு பயன் உண்டு. சில தரநிலைகள் உறைய வைப்பதை விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. என் கருத்து இதுதான்: உறைதலைச் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டதால் நம் வீதியைச் சோதித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. பனி இங்கே எதிரி அல்ல. சூடான நீரில் ஊறிய காபட்டின் மேல் ஓயாமல் ஏறும் சக்கரம்தான் எதிரி.

அந்த எதிரியை ஆய்வுகூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தவர்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தார். ஹம்பேர்க்கும் துறைமுக நகரம். பாரம் கூடிய வாகனங்களின் கீழே நொடித்துப்போன வீதிகளை அது நன்றாக அறியும். 1970களில் அங்கே உருவான சக்கரச் சோதனையில், கலவைப் பலகையை 50 பாகை நீரில் அமிழ்த்தி, அதன் மேல் 705 நியூற்றன் பாரமுள்ள உருக்குச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஓடவிடுவார்கள். 20,000 தடவை ஓடி முடிக்க ஆறு மணிநேரத்துக்கு மேல் ஆகும். சக்கரம் எவ்வளவு ஆழம் புதைகிறது என்பதைக் கருவி தொடர்ந்து ஒரு கோடாகப் பதிந்துகொண்டே வரும். முதலில் கோடு மெதுவாகச் சரியும். கலவை நசுங்குவதால் வரும் புதைவு அது. பிறகு, சில கலவைகளில், கோடு திடீரென்று முறிந்து செங்குத்தாக இறங்கத் தொடங்கும். தார் கல்லைவிட்டுக் கழல ஆரம்பித்த இடம் அந்த முறிவுதான். நல்ல கலவையில் 20,000 முடியும்வரை முறிவே தெரியாது. மோசமானதில் சில ஆயிரத்திலேயே வந்துவிடும். 50 பாகை நீரும் உருளும் சக்கரமும் கிழக்குக் கரையின் நிலைமைக்கு உறைபெட்டியைவிட எவ்வளவோ பொருத்தம். கருவி விலை உயர்ந்ததுதான். ஒரு கிலோமீற்றர் காபட்டைப் பெயர்த்துத் திரும்பப் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிய தொகையாகத் தெரியாது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆய்வுகூடத் தொட்டியில் இருப்பது நன்னீர், பெரும்பாலும் வடித்த நீர். கிண்ணியாவிலும் உப்பாற்றுப் பக்கத்திலும் வீதியோரம் தேங்குவதோ உவர்நீர். நீரில் கரைந்துள்ள உப்பும் அதன் கார அமில நிலையும் தாரின் பற்றைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். தேங்கும் இடத்து நீரையே கானில் எடுத்துவந்து ஒரு கூட்டம் வட்டுகளை அதில் ஊறவைத்துப் பார்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

சோதனையில் தோற்ற கலவையை வீச வேண்டியதில்லை. கலவையின் எடையில் 1 முதல் 1.5 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால், அது கல்லின் முகத்தில் கல்சியத்தைப் பூசிவிடும். கருங்கல் சுண்ணாம்புக்கல்லைப்போல் நடக்கத் தொடங்கும். பிற்றுமனில் அமைன் வகைத் திரவத்தைச் சிறிதளவு கலப்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் காட்டிய வழியும் உண்டு. துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான சல்லியின் மேல் தூவினால், அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அதன் மேல் தார் பிடிக்கும். நீர் கல்லின் முகத்தை எட்ட முடியாது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எந்த வழியானாலும் இந்தச் சல்லியோடு, இந்தத் தாரோடு சேர்த்து மறுபடி சோதித்த பிறகே வீதிக்கு வர வேண்டும். ஒரு கல்லில் அற்புதமாக வேலை செய்த அமைன் இன்னொரு கல்லில் பயனற்றுப் போவதுண்டு. சல்லியில் ஒட்டியிருக்கும் களித்தூசியைக் கழுவுவது, மழையில் நனையாமல் குவியலை மூடுவது, வீதியோர வடிகானைத் தூர்வாருவது ஆகியவற்றுக்கு வேதியியல் அறிவு தேவையில்லை. ஆனால் இவை தவறினால் வேதியியல் ஒன்றும் செய்ய முடியாது.

இலங்கையில் ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சிறு வீதிகள் மாகாண சபையிடமும் உள்ளூராட்சி சபைகளிடமும் இருக்கின்றன. பெரிய திட்டங்களுக்கு ஆலோசகரும் ஆய்வுகூடமும் வாய்க்கும். பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் மீன் இறங்குதுறைக்கும் போகும் சிறு வீதிக்குத்தான் எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. உங்கள் வீதிக்குக் காபட் போட அறிவிப்புப் பலகை நடப்பட்டால், சபை உறுப்பினரிடம் போய்க் கேளுங்கள்: சல்லி எங்கிருந்து வருகிறது, அந்தச் சல்லியில் செய்த கலவையின் இழுவலிமை விகிதம் எவ்வளவு, உருட்டி முடித்த வீதியில் இடைவெளி எத்தனை விழுக்காடு என்று. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தத் தாளை ஒக்டோபருக்கு முன் வாங்கிவிடுங்கள்.